வடகொரியாவை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது?

போன மாதம் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். "மாமா, வடகொரியா போகணும். நீங்க போயிருக்கீங்கல்ல, எப்படிப் போறது, எதையெல்லாம் பாக்கறதுன்னு சொல்லுங்க" என்றான். பத்து நாள் விடுப்பு, இரண்டு வருடச் சேமிப்பு, அவ்வளவுதான் அவன் கையில் இருப்பது. ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை. அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த நாட்டைப் பார்க்க நான்கு வழிகள் உண்டு. தலைநகர் பியோங்யாங்குக்குப் போய், அரசு காட்டும் சிலைகளையும் கோபுரங்களையும் அருங்காட்சியகங்களையும் வழிகாட்டியோடு சுற்றுவது ஒன்று. சீனா, ரஷ்யா எல்லைகளை ஒட்டி வடகிழக்கு மூலையில் இருக்கும் ராசோன் பொருளாதார மண்டலத்துக்கு மட்டும் போய்வருவது இரண்டாவது. தென்கொரியத் தலைநகர் சோலிலிருந்து எல்லைக்குப் போய், அங்கிருந்து வடக்கே பார்ப்பது மூன்றாவது. சீனாவின் தாண்டோங் நகரில் யாலு ஆற்றங்கரையில் நின்று பார்ப்பது நான்காவது. நான் 2018 ஜூனில் பெய்ஜிங் வழியாகப் பியோங்யாங் போனேன். திரும்பும்போது ரயிலில் தாண்டோங்கில் இறங்கி ஒரு நாள் தங்கினேன். மறுவருடம் தென்கொரியா. ராசோன் மட்டும் பார்த்ததில்லை.

இப்போது கதவு எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதி முடிவை அதுவே எடுத்துவிடும். 2020 ஜனவரியில் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யச் சுற்றுலாக் குழுக்கள் மட்டும் போக ஆரம்பித்தன. 2025 பிப்ரவரியில் ராசோனை மேற்கத்தியப் பயணிகளுக்குத் திறந்தார்கள். சில வாரம்தான், மார்ச் தொடக்கத்திலேயே காரணம் எதுவும் சொல்லாமல் மூடிவிட்டார்கள். அதே வருடம் ஏப்ரலில் பியோங்யாங் மாரத்தானுக்கு வெளிநாட்டு ஓட்டக்காரர்களை அனுமதித்தார்கள். ஜூலையில் வோன்சான்-கல்மா கடற்கரை விடுதிகள் திறந்தன, அங்கேயும் வெளியிலிருந்து வந்தவர்கள் ரஷ்யர்கள்தான். ஆக, இந்தக் கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பியோங்யாங்குக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

பாஸ்போர்ட்டையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடிமக்களான தமிழர்கள் 2017 செப்டம்பரிலிருந்து சிறப்பு அனுமதி இல்லாமல் போக முடியாது, தடை போட்டது அமெரிக்க அரசு. வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னின் மாற்றாந்தாய் அண்ணனைக் கோலாலம்பூர் விமான நிலையத்தில் கொன்றபிறகு மலேசியாவும் 2017இல் தன் குடிமக்களுக்குத் தடை போட்டது. 2021இல் இரண்டு நாடுகளுக்கும் உறவே முறிந்தது. சிங்கப்பூர், இங்கிலாந்து பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2011 மார்ச்சுக்குப் பிறகு வடகொரியா போய்வந்தவர்கள் விசா இல்லாமல் அமெரிக்கா போகும் சலுகையை இழந்துவிடுவார்கள், தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய் விசா வாங்க வேண்டும். அக்கா மகனிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். அதனால் இந்தச் சிக்கல்கள் அவனுக்கு இல்லை.

சரி, பியோங்யாங். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கே தனியாகச் சுற்ற முடியாது. விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை இரண்டு வழிகாட்டிகளும் ஓர் ஓட்டுநரும் கூடவே இருப்பார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். விடுதியை விட்டுத் தனியாகத் தெருவில் கால் வைக்கக் கூடாது. நாங்கள் தங்கியது யாங்கக்டோ விடுதி. தேதோங் ஆற்றின் நடுவே ஒரு தீவில் 47 மாடி. உள்ளே கடை, உணவகம் எல்லாம் உண்டு, ஜன்னல் வழியே நகரம் முழுக்கத் தெரியும், போகத்தான் முடியாது. 2016 ஜனவரியில் இதே விடுதியிலிருந்து ஒரு பிரச்சாரச் சுவரொட்டியை எடுக்கப் பார்த்ததாகச் சொல்லி ஓர் அமெரிக்க மாணவருக்கு 15 ஆண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். 2017 ஜூனில் நினைவில்லாத நிலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் இறந்துபோனார். அதற்கு முன்பு, 2014இல், ஒரு பைபிளை விட்டுவிட்டு வந்ததற்காக இன்னொரு அமெரிக்கர் சுமார் ஆறு மாதம் காவலில் இருந்தார். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. விதிகளை மதித்து நடந்த ஆயிரக்கணக்கானவர்கள் பத்திரமாகத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் அங்கே தவறு என்பதற்கு நம் ஊர் அளவுகோல் செல்லாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம். நாம் செய்யும் தவறுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நம் வழிகாட்டி. மன்சுடே குன்றின் மேல் இரண்டு தலைவர்களின் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. நாட்டை நிறுவிய கிம் இல் சுங்கின் சிலை அவருடைய 60ஆம் பிறந்தநாளுக்காக 1972இல் வைத்தது. பக்கத்தில் இருக்கும் அவர் மகன் கிம் ஜோங் இல்லின் சிலை 2012இல் வந்தது. ஒவ்வொன்றும் 20 மீட்டருக்கு மேல் உயரம். குழுவில் ஒருவர் பூங்கொத்து வைக்க, எல்லாரும் வரிசையாக நின்று குனிந்து வணங்க வேண்டும். படம் எடுத்தால் சிலை தலை முதல் கால்வரை முழுதாக வர வேண்டும், வெட்டக் கூடாது. எங்கள் குழுவில் ஒரு பையன் சிலையின் முழங்காலோடு நிற்கும்படி ஒரு படம் எடுத்தான். பார்த்த வழிகாட்டிப் பெண்ணின் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. திட்டவில்லை. "தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்று இரண்டு முறை சொன்னார், அவ்வளவுதான். அவன் அழித்துக் காட்டியபிறகும் வெகுநேரம் அவர் பேசவில்லை. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது இதுதான்: அங்கே செய்யச் சொல்வதை என்னால் மனம் கோணாமல் செய்ய முடியுமா? முடியாது என்றால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து முன்பே எடுத்துவிடுவது நல்லது. அங்கே போய் முரண்டு பிடிப்பது வீரமில்லை, அதன் விலையை வேறொருவர் கொடுக்க வேண்டியிருக்கும்.

மன்சுடேவைத் தவிர்ப்பது ஏறக்குறைய முடியாது, வருகிற குழுக்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போவார்கள். கும்சுசான் அரண்மனையைப் பற்றி யோசிக்கலாம். கிம் இல் சுங் வேலை பார்த்த மாளிகை அது. 1994இல் அவர் இறந்தபின் நினைவிடமாக மாறியது. 2011 டிசம்பரில் இறந்த மகனின் உடலும் இப்போது அங்கேதான் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. நல்ல உடை, மூடிய காலணி வேண்டும். கேமரா, போன் எல்லாவற்றையும் வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். நகரும் நடைபாதையில் வெகுதூரம் நின்றபடியே போய், உடையிலுள்ள தூசியை ஊதித் தள்ளும் வாயிலைக் கடந்தால் சிவப்பு வெளிச்சத்தில் உடல் தெரியும். காலருகே, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று முறை குனிய வேண்டும், தலைமாட்டில் மட்டும் குனியக் கூடாது. அடுத்த அறைகளில் பதக்கங்கள், ரயில் பெட்டி, படகு என்று தலைவர்கள் பயன்படுத்திய பொருள்கள். எதிர்ப்பக்கம் நகரும் நடைபாதையில் ஊர்மக்கள் வருகிறார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே போகும் பாட்டிகளைப் பார்த்தேன். அந்த அழுகை நிஜமா நடிப்பா என்று எடைபோட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. இந்த அரசு தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை வேறெந்த இடமும் இவ்வளவு நேரடியாகக் காட்டாது. ஆனால் அங்கே நாம் வெறும் பார்வையாளராக நிற்க முடியாது, சடங்கில் ஒரு பங்காகிவிடுகிறோம். அது உறுத்தும் என்றால் விட்டுவிடலாம். நான் போனேன். மறுபடி ஒரு வாய்ப்பு வந்தால் போகமாட்டேன்.

அடுத்து, உயரமான சின்னங்கள். ஜூச்சே, அதாவது தற்சார்பு என்ற அரசுக் கொள்கையின் பெயரிலுள்ள கோபுரம் 170 மீட்டர், 1982இல் கிம் இல் சுங்கின் 70ஆம் பிறந்தநாளுக்கு எழுப்பியது. எழுபது ஆண்டுகளின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கல் என்று 25,550 கற்கள். தனிக் கட்டணம் கொடுத்தால் லிஃப்டில் மேலே போகலாம். அந்தப் பணம் வீணாகாது, ஏனென்றால் நகரத்தை நம் கண்ணால் நம் போக்கில் பார்க்க முடிகிற அபூர்வமான இடம் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிம் இல் சுங் சதுக்கம், இளம்பச்சையும் ரோஜா நிறமுமாகக் குடியிருப்புகள், 1987இல் கட்ட ஆரம்பித்து இன்னும் விருந்தினரைப் பார்க்காத 105 மாடி ரியூக்யோங் விடுதி. முன்வரிசைக் கட்டடங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் மேலிருந்து தெரியும். தரையில் நிற்கும்போது அது தெரியாது.

வெற்றி வளைவு 60 மீட்டர், அதுவும் 1982தான். பாரிஸிலுள்ளதை விட 10 மீட்டர் அதிகம் என்று வழிகாட்டி பெருமையாகச் சொல்வார். ஜப்பானியரை விரட்டிவிட்டு கிம் இல் சுங் தாயகம் திரும்பியதன் நினைவு என்பது அதன் கதை. அதே மோரான் குன்றின் இன்னொரு பக்கம் இன்னொரு சின்னம் இருக்கிறது. 1945 ஆகஸ்டில் வடபகுதிக்குள் வந்து ஜப்பானியரைத் தோற்கடித்த சோவியத் செஞ்சேனைக்கு எழுப்பிய விடுதலைத் தூண். கிம் அந்தச் செப்டம்பரில் சோவியத் கப்பலில்தான் வோன்சான் வந்திறங்கினார். இரண்டு சின்னங்களையும் ஒரே காலையில் பார்த்தால், நாட்டை மீட்டது யார் என்ற கேள்விக்கு ஒரே குன்று இரண்டு பதில் சொல்வது புரியும். வளைவு எல்லாப் பயணத்திலும் இருக்கும். தூணை நாம் கேட்டு வாங்க வேண்டும். கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கட்சி நிறுவன நினைவுச்சின்னம் 1995இல் கட்டியது. சுத்தியல், அரிவாள், நடுவில் தூரிகை. படத்துக்கு நன்றாக இருக்கும், பத்து நிமிடம் போதும்.

போர் அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். கொரியப் போர்நிறுத்தத்தின் 60ஆம் ஆண்டுக்காக 2013இல் புதிய கட்டடம் திறந்தார்கள். வெளியே ஆற்றில், 1968 ஜனவரியில் 82 மாலுமிகளோடு பிடித்த அமெரிக்க உளவுக் கப்பல் பியூப்லோ நிற்கிறது. 1950 ஜூன் 25 அன்று போரைத் தொடங்கியவர்கள் தெற்கும் அமெரிக்காவும்தான் என்று உள்ளே சொல்கிறார்கள். அது பொய். ஸ்டாலினின் ஒப்புதலோடு கிம் இல் சுங் திட்டமிட்டுத் தொடங்கியது என்பதை, பின்னாளில் திறந்த சோவியத் ஆவணங்களே காட்டிவிட்டன. ஆனால் அங்கே இருக்கிற கோபம் முழுக்கப் பொய்யில்லை. அந்த மூன்று வருடத்தில் அமெரிக்க விமானங்கள் கொரியா மீது போட்ட குண்டுகள் 6,35,000 டன், அதில் நேபாம் என்ற தீக்குண்டு மட்டும் 32,000 டன்னுக்கு மேல். பியோங்யாங்கில் முக்கால்வாசி அழிந்தது. இந்த நகரத்தில் பழைய கட்டடம் ஏன் கண்ணிலேயே படவில்லை என்று முதல் நாளிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. பதில் இங்கேதான் கிடைத்தது. இத்தனை கோபுரமும் வளைவும் எரிந்துபோன நிலத்தின் மேல் எழுந்தவை. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சின்னங்களைப் பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றுதான்.

சுரங்க ரயிலை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். 1973இல் தொடங்கியது, தரைக்கு அடியில் 100 மீட்டருக்கும் மேல் ஆழம். இறங்கும் நகர்படியில் மூன்று நான்கு நிமிடம் நின்றுகொண்டே போக வேண்டும். நிலையங்களுக்கு ஊர்ப்பெயர் இல்லை, 'மகிமை', 'சிவப்பு நட்சத்திரம்' என்பதுபோலப் பெயர்கள். சுவர் முழுக்கப் பளிங்கு ஓவியம், கண்ணாடிச் சட்டத்துக்குள் அன்றைய செய்தித்தாள். பெட்டிகளில் சில பெர்லினில் ஓடிப் பழசானவை. இதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் போகச் சொல்வது அதற்காக இல்லை. நகர்படியில் நாம் இறங்க இறங்க, பக்கத்துப் படியில் வேலை முடிந்து மேலே போகிறவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நம்மைக் கடக்கும். காய்கறிப் பையோடு ஓர் அம்மா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காத ஒரு மாணவி, தோளில் தூங்கும் குழந்தையோடு ஓர் அப்பா. பெட்டிக்குள் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். மறுத்தேன், கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஐந்து நாளில் யாரும் ஏற்பாடு செய்யாத ஒரு நிமிடம் அதுதான் என்று நம்புகிறேன்.

ஐந்து நாள் பயணம் என்றால் ஒரு நாள் நகரத்துக்கு வெளியே போகலாம். வடக்கே மியோஹ்யாங் மலையா, தெற்கே கேசோங்கும், இரண்டு கொரியாக்களின் எல்லையிலுள்ள பன்முன்ஜோமுமா என்று கேட்பார்கள். மியோஹ்யாங்கில், உலகத் தலைவர்கள் கொடுத்த பரிசுகளை வைத்திருக்கும் பிரம்மாண்டமான காட்சியகம் 1978இல் திறந்தது. ஸ்டாலினும் மாவோவும் கொடுத்த ரயில் பெட்டிகளிலிருந்து, 2000இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொண்டுவந்த மைக்கேல் ஜோர்டான் கையெழுத்திட்ட கூடைப்பந்துவரை உண்டு. பக்கத்திலேயே 11ஆம் நூற்றாண்டின் போஹ்யோன் புத்த கோயில், அழகான இடம். ஆனாலும் தெற்கையே தேர்ந்தெடுங்கள். கேசோங் கொர்யோ அரச மரபின் தலைநகராக இருந்த ஊர். போர்நிறுத்தப் பேச்சு 1951இல் அங்கே தொடங்கியதால் குண்டுவீச்சிலிருந்து பெருமளவு தப்பியது. ஓட்டுக் கூரை போட்ட பழைய வீதிகளை இன்றும் அங்கே பார்க்கலாம். 2013இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பியோங்யாங்கில் இல்லாத பழமை முழுக்க இங்கே இருக்கிறது.

அங்கிருந்து சிறிது தூரம்தான் பன்முன்ஜோம். 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மண்டபம், மேசை, கொடிகள் எல்லாம் வடக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தெற்கிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்க்க முடியாது. நான் போவதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஏப்ரல் 27 அன்று, இரண்டு பக்கத் தலைவர்களும் கைகோத்து அந்த எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். "இங்கேதான், இந்த இடத்தில்தான்" என்று வழிகாட்டிப் பெண் காட்டியபோது குரல் தழுதழுத்தது. மன்சுடேயில் பார்த்த அதே முகம், அன்றுதான் முழுசாக மலர்ந்து பார்த்தேன். போகும் வழியில், பியோங்யாங் எல்லையில், இரண்டு பெண்கள் சேர்ந்து கொரிய வரைபடத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஒருங்கிணைப்பு வளைவு நெடுஞ்சாலையின் மேலே நின்றது. 2001இல் கட்டியது. 2024 ஜனவரியில், இனி ஒன்றிணைவு என்ற பேச்சே இல்லை என்று அரசு முடிவெடுத்தபின், அதை இடித்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் நினைத்தது வளைவை இல்லை, அந்தக் குரலை.

பன்முன்ஜோமில் நமக்கும் ஒரு கதை இருக்கிறது. போர்க்கைதிகளில் சொந்த நாடு திரும்ப மறுத்தவர்கள் 22,000 பேருக்கு மேல். அவர்களைப் பொறுப்பேற்ற நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் இந்தியாவின் ஜெனரல் திம்மய்யா. காவலுக்கு நின்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்ற 88 பேர் 1954 பிப்ரவரியில் நம் படையினரோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில்தான் வந்திறங்கினார்கள். வடக்குப் பக்க வழிகாட்டிகள் இதைச் சொல்லிக் கேட்கவில்லை, தெற்கிலும் கேட்கவில்லை. நாம்தான் நினைவில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

ராசோனைப் பற்றிச் சுருக்கமாக. அங்கேயும் சிலைகள் உண்டு, பள்ளிக் குழந்தைகளின் கலை நிகழ்ச்சி உண்டு. 1991இலிருந்து பொருளாதார மண்டலம், சீனாவிலிருந்து தரைவழியாகவே போகலாம். ஆனால் நினைவுச்சின்னங்கள்தான் நோக்கம் என்றால் பியோங்யாங்குக்கு அது ஈடாகாது. அந்த நாட்டு மண்ணில் கால் வைத்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காக மட்டும் அவ்வளவு பணம் செலவழிக்காதீர்கள்.

தென்கொரியப் பக்கம் வேறு மாதிரி அனுபவம். சோலிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடலாம். தெற்கே ஊடுருவ வடக்கு தோண்டியதாகச் சொல்லும் சுரங்கங்களில், 1978இல் கண்டுபிடித்த மூன்றாவது சுரங்கத்தில் குனிந்தபடி இறங்கலாம். தோரா மேட்டுத் தொலைநோக்கியில் கேசோங் தெரியும், 160 மீட்டர் கம்பத்தில் பறக்கும் வடக்கின் கொடி தெரியும். தோராசான் ரயில் நிலையத்தில் பியோங்யாங் 205 கிலோமீட்டர் என்று பலகை இருக்கும், ரயில்தான் இல்லை. பன்முன்ஜோமில் நீல நிறக் கொட்டகைகள் உள்ள கூட்டுப் பாதுகாப்புப் பகுதிக்குள் போவது தனி அனுமதி. 2023 ஜூலையில் சுற்றிப் பார்க்க வந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் எல்லைக் கோட்டைத் தாண்டி வடக்கே ஓடியபின் அந்தச் சுற்றுலாவை நிறுத்தினார்கள். போகும் முன் அது நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கிம்போ அருகே ஏகிபோங் குன்றில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் வடகொரிய கிராமம். 2024 நவம்பரில் அங்கே ஒரு ஸ்டார்பக்ஸ் திறந்தார்கள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வயல்களைப் பார்ப்பது எனக்குச் சரிப்படாது. ஆனால் பார்வை அங்கிருந்து நன்றாகவே தெரியும்.

தெற்கில் நான் கட்டாயம் போகச் சொல்வது இம்ஜின்காக். வடக்கில் பிறந்து, போரில் பிரிந்து வந்தவர்கள் தங்கள் முன்னோரை வணங்க அங்கே ஒரு பலிபீடம் இருக்கிறது. ஊருக்குப் போக முடியாதவர்கள் ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடும் இடம். செஞ்சிலுவைச் சங்கம் மூலம் பிரிந்த குடும்பங்கள் சந்தித்தது கடைசியாக 2018 ஆகஸ்டில். ஒவ்வொரு வருடமும் அங்கே வரும் பெரியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நினைவுச்சின்னம் என்ற சொல்லுக்கு இந்த எளிய கல்மேடைதான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றியது.

தாண்டோங் எல்லாவற்றிலும் சுலபம், செலவும் குறைவு. சீன விசா போதும். 1911இல் ஜப்பானியர் கட்டி முடித்த இரும்புப் பாலத்தை 1950 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு உடைத்தன. சீனப் பாதி அப்படியே நிற்கிறது. டிக்கெட் வாங்கி, வளைந்து நெளிந்த இரும்பு முனைவரை நடந்து போகலாம். ஆற்று நடுவில் அதற்கப்புறம் வெறும் தூண்கள்தான். பக்கத்துப் பாலத்தில்தான் சில மணி நேரம் முன்பு என் ரயில் வந்திருந்தது. இரவில் சீனக் கரை முழுக்க வண்ண விளக்கு, எதிரே வடகொரிய நகரமான சினுய்ஜுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிச்சம். படகில் போனால் அக்கரையில் துணி துவைக்கிறவர்களைக்கூடப் பார்க்கலாம். படகில் இருந்தவர்கள் பெரிய லென்ஸை நீட்டி அவர்களைப் படம் எடுத்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. முந்தின நாள்வரை நான் அந்தப் பக்கம் இருந்தவன். அங்கே நம்மைப் பார்த்துக் கையசைத்தவர்கள் இவர்களுடைய உறவுக்காரர்களாகக்கூட இருக்கலாம்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பியோங்யாங்கில் நாம் கட்டுவது யூரோவிலோ யுவானிலோ, அரசு நிறுவனங்களுக்கு. 2014இல் மைக்கேல் கிர்பி தலைமையிலான ஐநா விசாரணை ஆணையம், அந்த நாட்டின் அரசியல் சிறை முகாம்களில் 80,000 முதல் 1,20,000 பேர் இருப்பதாக மதிப்பிட்டது. மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் நடப்பதாகவும் சொன்னது. அதைப் படித்துவிட்டுத்தான் நான் போனேன். போகக் கூடாது என்று சொல்லும் நண்பர்களோடு சண்டையிட எனக்கு மனமில்லை, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. என் பக்கமும் ஒன்று சொல்ல உண்டு. இடம் கொடுத்த அந்தப் பெரியவரைப் பார்க்கும்வரை வடகொரியர் என்றால் எனக்கு அணிவகுப்புப் படம்தான் நினைவுக்கு வரும். இப்போது அப்படி இல்லை. அந்த ஒரு மாற்றத்துக்கு நான் கொடுத்த பணம் சரியா என்று இன்னும் எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இவ்வளவும் சொன்னபின் அக்கா மகனுக்கு நான் சொன்ன முடிவு இது. பத்து நாள் விடுப்பை, திறக்குமா என்று தெரியாத கதவுக்காகப் பிடித்து வைக்காதே. இந்த வருடம் சோலும் தாண்டோங்கும் போ. இரண்டும் ஒரே பயணத்தில் முடியும், நடுவில் விமானம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கமிருந்தும் வெளியே நின்று பார்த்துவிட்டால், பின்னாளில் பியோங்யாங் திறக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று உனக்கே தெரிந்திருக்கும். அப்போது சுரங்க ரயில், போர் அருங்காட்சியகம், விடுதலைத் தூண், கேசோங், பன்முன்ஜோம் எல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு. கும்சுசான் உன் மனசு. வழிகாட்டி சொல்வது பிடிக்காவிட்டாலும் அவர் முன்னால் வாதம் செய்யாதே, திரும்பி வந்து என்னோடு பேசு.

பத்து நாளுக்கு எப்படிப் பிரிப்பது என்று கேட்டான். சோலுக்கு ஐந்து, தாண்டோங்குக்கு மூன்று, மீதி பயணத்துக்கு என்றேன். சுசோக் பண்டிகை நாளில் சோலில் இருக்கும்படி டிக்கெட் போடு என்றும் சொன்னேன். கொரியர்கள் முன்னோருக்குப் படையல் வைக்கும் நாள் அது. ரயிலும் பேருந்தும் நெரிசலாக இருக்கும், கடைகள் பலவும் மூடியிருக்கும், இரண்டு மாதம் முன்பே முன்பதிவு செய்தாக வேண்டும். ஆனால் அன்று காலையில்தான் இம்ஜின்காக் பலிபீடத்துக்கு வடக்கத்திக் குடும்பங்கள் வருவார்கள். நேற்று ராத்திரி ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: "மாமா, சுசோக்குக்கு டிக்கெட் போட்டாச்சு."